இரண்டாவது சீட்

எங்கள் ஊர் ராயப்பன்பட்டியில் ஒரு காலத்தில் ஓடிய ஒரே ஸ்போர்ட்ஸ் கார், உள்ளபடி சொன்னால், மெதுவான கார். எம்ஜி டிசி என்று பெயர். நின்ற இடத்திலிருந்து மணிக்கு அறுபது மைலைத் தொட 20 விநாடிக்கு மேல் பிடிக்கும் என்று அந்தக் காலத்து இங்கிலாந்துப் பத்திரிகைகளே ஓட்டிப் பார்த்து எழுதியிருக்கின்றன. இன்றைக்கு எங்கள் வாசலில் நிற்கிற வெள்ளை மாருதி டிசையர் ஏறத்தாழப் பாதி நேரத்தில் அந்த வேகத்துக்குப் போய்விடும். அதுவும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு.

இதை என் மகனிடம் சொன்னேன். "அப்புறம் எதுக்குப்பா அதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றீங்க?" என்றான். நியாயமான கேள்விதான். இரண்டு வண்டியோடும் நெருங்கிப் பழகியவன் நான். பதில் இருக்கிறது, ஒரு வரியில் அடங்காது.

அந்த எம்ஜி மலையிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கி வந்தது. பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த துரைமார்கள் சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். 1973ல் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்த பிறகு மிச்சம் மீதி இருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். போகும்போது நாயையும் காரையும் கொண்டுபோக முடியாது. அப்படி ஒரு துரை விட்டுப்போன காரை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாங்கினார். கீழே திராட்சைத் தோட்டம், மேலே வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம். ஊரில் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

1945க்கும் 1949க்கும் இடையில் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த கார் அது. மொத்தமே பத்தாயிரம் வண்டிதான். நீண்ட பானெட், அதன் இரு பக்கமும் தனித்தனியாக நிற்கும் பெரிய ஹெட்லைட், கம்பி வைத்த உயரமான சக்கரங்கள், பின்னால் பலகையை நிறுத்தியதுபோல பெட்ரோல் டேங்க், அதன் முதுகில் ஸ்டெப்னி. மேற்கூரை என்று ஒன்றும் கிடையாது. மடக்கி வைத்த கித்தான் துணி மட்டும் உண்டு. உடம்புக்கு உள்ளே எலும்பு முழுக்க மரம், அதன் மேல் தகரம் அடித்திருக்கும். கதவு பின்பக்கக் கீலில் தொங்கும், முன்பக்கமாகத் திறக்கும். சீட்டு இரண்டே இரண்டு.

அந்த ரெண்டு சீட்டு ஊரில் கிளப்பிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி வீட்டில் அப்பத்தா, முதலாளியம்மா, நாலு பிள்ளைகள், போக வர இருக்கிற சொந்தக்காரர்கள். இத்தனை பேருக்கும் ஒரு அம்பாசிடர் தனியாக இருந்தது. டிரைவர் ஓட்டுவார். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதில்தான் போவார்கள். எம்ஜியை முதலாளி தானே ஓட்டுவார். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வழியில் இருக்கிற அத்தனை டீக்கடையும் பார்க்கும். பெரும்பாலும் அதில் உட்கார்ந்திருந்தது என் தாய்மாமா.

மாமாவுக்குக் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு பட்டறை இருந்தது. லாரி, டிராக்டர், தண்ணி இறைக்கிற ஆயில் இன்ஜின் எல்லாம் பார்ப்பார். எம்ஜி அவரிடம் வந்த பிறகு மற்ற வேலையெல்லாம் அரை மனதாகத்தான் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது, டீ வாங்கி வருவது என் வேலை.

அந்தக் காரின் மரையைப் பற்றி மாமா புலம்பாத நாள் இல்லை. போல்ட் தலைக்கு இங்கிலீஷ் அளவு விட்வொர்த் ஸ்பேனர் சரியாகப் பொருந்தும். சரி, இங்கிலீஷ் போல்ட்தான் என்று நம்பி இன்னொன்றை எடுத்து முடுக்கினால் ஏறாது, ஏனென்றால் உள்ளே மரை மில்லிமீட்டர் கணக்கு. அதுவும் கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் மரை இல்லை. இதற்கு ஒரு கதை உண்டு என்று வெகுநாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி கோவென்ட்ரியில் நடத்திய தொழிற்சாலையை 1923ல் வில்லியம் மாரிஸ் வாங்கினார். மெஷின்களெல்லாம் பிரெஞ்சு அளவில் மரை போடுகிறவை. அவற்றை மாற்றப் பணம் செலவழிக்க மனமில்லாமல், மரையை அப்படியே விட்டு, தலையை மட்டும் இங்கிலாந்து மெக்கானிக்குகளின் ஸ்பேனருக்கு ஏற்றபடி செய்துவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தின் வட்டியை ஐம்பது வருஷம் கழித்து ராயப்பன்பட்டியில் மாமா கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கம்பத்தில் லேத்துக்காரரிடம் போய் நிற்பார். அவரும் "இது எந்த ஊரு மரைண்ணே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

ஸ்பேர் எங்கிருந்து வந்தது என்பதும் வேடிக்கைதான். ஐம்பதுகளிலேயே வெளிநாட்டுக் கார் இறக்குமதி இறுகிப்போய், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கூட இங்கே கடையைக் கட்டிவிட்டன. லண்டனிலிருந்து ஒரு வாஷர் வரவழைப்பதற்கும் யாரையாவது பிடிக்க வேண்டும். மாமா சுற்றிச் சுற்றிக் கடைசியில் கண்டுபிடித்தது, முதலாளியின் இரண்டு காரும் பங்காளிகள் என்பதை. அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய வடிவம். எம்ஜி என்றால் மாரிஸ் கராஜஸ். ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அம்பாசிடருக்கு வந்த எஸ்யூ கார்பரேட்டர் சாமானில் சிலது இதற்கும் ஒத்துப்போனது, சிலது அரத்தால் ராவினால் ஒத்துப்போனது. மின்சாரச் சாமானுக்கு மதுரைக்குப் போனால் லூகாஸ்-டிவிஎஸ் டப்பாவில் ஏதாவது கிடைக்கும். அம்பாசிடரின் வயிற்றிலிருந்து எடுத்து எம்ஜிக்கு ஊட்டுகிறார் என்று முதலாளியம்மாவுக்கு மாமா மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் உண்மையும் இருந்தது.

காலையில் வண்டியை எடுக்கிற சடங்கை என்னால் இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். பெட்ரோல் முள் கிடையாது. மூடியைத் திறந்து மரக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று வேகமாகத் தட்டும், கார்பரேட்டர் கிண்ணம் நிறைய நிறையத் தட்டு மெதுவாகி நின்றுவிடும். நின்ற பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மாமா பானெட்டைத் திறக்காமலேயே, காதைக் கொடுத்தே, "பின்னாடி கார்பரேட்டர் ஊசி உக்காரல" என்பார். ஹேண்ட் பிரேக்கோ நேர் எதிர் வேலை. சாதாரணக் காரில் இழுத்தால் பிடித்துக்கொள்ளும், நுனியில் உள்ள பட்டனை அமுக்கினால் விடும். இதில் இழுத்தால் நிற்காது. பட்டனை அமுக்கினால்தான் பிடிக்கும். லேசாக இழுத்துவிட்டால் சடக்கென்று பறந்துவிடும். பந்தயத்தில் புறப்படும்போது அரை நொடி மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடாம். சக்கரத்தைக் கழற்றுவதற்கும் ஸ்பேனர் கிடையாது. நடுவில் றெக்கை வைத்த ஒரே நட்டு, செம்புச் சுத்தியலால் அடித்துத் திருப்ப வேண்டும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர். புது ஆள் யாராவது உதவிக்கு வந்தால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிட்டுப் போவார்.

செல்ஃப் எடுக்காத நாளில் தள்ள வேண்டும். கோயில் தெருவில் லேசான இறக்கம் இருந்தது, நல்லதாகப் போயிற்று. பூசை முடிந்து வருகிறவர்கள், பால் ஊற்றுகிறவர், திராட்சைக்குக் கத்திரி போடப் போகிற பெண்கள் என்று ஊரில் அந்தக் காரைத் தள்ளாதவர்கள் குறைவு. இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து போகிற காருக்கு இத்தனை பேர் கை வைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அது முதலாளியின் கார் என்பதைவிட எங்கள் கார் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். வண்டி சோர்ந்து ஷெட்டில் கிடந்தால், "என்ன மேஸ்திரி, குதிரைக்கு மேலு சரியில்லையா?" என்று மாமாவை வழிமறித்து விசாரிப்பார்கள்.

முதலாளியம்மா அதில் ஏறியதே இல்லை. ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பெண் தலை காற்றில் பறக்கத் திறந்த காரில் ஊர் நடுவே போவதா என்று அப்பத்தா முகம் சுளிக்கும். தவிர, அம்மா ஏறினால் பிள்ளைகள் நாலும் நிற்க வேண்டும். யாரை விட்டு யாரை ஏற்றுவது? அந்த வம்பே வேண்டாம் என்று அவர் இருந்துவிட்டார். ஆனால் ஒரு மார்கழிக் காலையில், மாமா இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றி முடித்திருந்த நேரத்தில், அவராகவே ஷெட்டுக்கு வந்து, "மேட்டுக்கு நான் வாரேன்" என்றார். முதலாளி ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார்.

மாமாவுக்கு இடமில்லை. புதுசாக ரிங் போட்ட வண்டி, மலையில் தண்ணி கொதித்தால் யார் பார்ப்பது? சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்க ஒரு குழி மாதிரி இடம் உண்டு. தண்ணிக் கேனையும் டூல் பையையும் வைத்து, நடுவில் என்னைத் திணித்து அனுப்பினார். அப்படித்தான் அந்தப் பயணம் எனக்குக் கிடைத்தது.

காமயகவுண்டன்பட்டி தாண்டி, கம்பத்துக்குள் போய், மேற்கே திரும்பினால் கம்பம் மெட்டுச் சாலை. அதுவரை முதலாளியம்மா முந்தானையைத் தலையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தார். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள நேர்ரோட்டில் முதலாளி வண்டியை விரட்டினார். இந்த டிசியில் ஒரு கோணங்கித்தனம் உண்டு. ஓட்டுகிறவருக்கு நேராக இருக்கும் வட்டம் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும். வேகம் காட்டுகிற வட்டம் பக்கத்து சீட்டுக்கு நேராக இருக்கும். பந்தயக்காரனுக்கு இன்ஜின் சுற்றுதான் முக்கியம், வேகத்தைத் தெரிந்து என்ன செய்யப் போகிறான் என்ற எண்ணமாக இருக்கலாம். முதலாளியம்மா எட்டாவது வரை படித்தவர். முன்னால் ஒரு முள் ஏறுவதைப் பார்த்தார். எண்களை உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

"முப்பது... முப்பத்தஞ்சு... நாப்பது..."

காற்று காதைக் கிழிக்கிறது. எக்ஸாஸ்ட் சத்தம் தோப்புக்குள் போய் எதிரொலிக்கிறது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். பின்னால் குழிக்குள் நான் கண்ணைத் திறக்க முடியாமல் குனிந்திருக்கிறேன். இந்த அமர்க்களத்துக்கு நடுவில் அவர் திரும்பிக் கேட்டார்: "நாப்பதுதான் போறீங்க. இதுக்கா இம்புட்டுச் சத்தம்? குமுளி பஸ்ஸு இதைவிட வேகமாப் போகுமே."

முதலாளி மைல் கணக்கு என்று விளக்கினார், கிலோமீட்டரில் அறுபத்தைந்து வரும் என்றார். அவர் சமாதானமாகவில்லை. ஆனால் அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குள்தான் என் மகனுக்கான பதிலும் இருக்கிறது. தரைக்கு ஒரு முழ உயரத்தில், பக்கத்தில் கதவு தோள் வரைகூட வராமல், முழங்கையை வெளியே நீட்டினால் ரோட்டைத் தொட்டுவிடலாம் என்ற நிலையில், நாற்பது மைல் என்பது உடம்பு முழுக்க நடக்கிற காரியம். டிசையரில் நூறு கிலோமீட்டரில் போகும்போது ஒன்றுமே நடப்பதில்லை. 80ஐத் தாண்டினால் டொய்ங் என்று ஒரு மணி அடிக்கும். அது 2019 ஜூலையிலிருந்து வந்த சட்டம். முதலாளியம்மா பார்த்த வேலையை இப்போது காரே பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஏற்றத்தில் வண்டி வேறு ஆளானது. நேர்ரோட்டில் வீறாப்பாகக் கத்திய இன்ஜின் மலையில் சுரம் பிடித்துக்கொண்டது. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை. ஊசிமுனை வளைவுகளில் மட்டும் கஷ்டம். முதல் கியர் ஓட்டத்தில் விழாது. விழ வைக்க வேண்டுமானால் கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரைத் தட்டி, இன்ஜின் சுற்றையும் சக்கரச் சுற்றையும் ஒன்றாக்க வேண்டும். பிசகினால் கறகறவென்று ஊரே கேட்கும். எதிரே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். உள்ளே பதினைந்து இருபது பேர், பின் படியில் நாலு பேர். வளைவில் நாங்கள் திணறிக்கொண்டு நிற்க, ஜீப்பிலிருந்த பெண்கள் முதலாளியம்மாவை அடையாளம் கண்டு குலவை போட்டார்கள். அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மெட்டில் செக்போஸ்ட் பக்கம் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்றினேன். அவர்கள் இரண்டு பேரும் மலையோரத்தில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

இறக்கம்தான் பயம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறி, பெடல் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. மாமா சொல்லி அனுப்பியிருந்தார்: எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க. முதலாளி அப்படியே செய்தார். அந்தப் பாடம் இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. எங்கள் டிசையர் ஆட்டோ கியர் வண்டி. என் மகன் டியில் போட்டுவிட்டு மெட்டிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவான், கீழே வரும்போது லைனிங் கருகுகிற வாடை அடிக்கும். மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் இறங்குடா என்று நான் கத்துவேன். டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கிறது, ஆனால் சூடு சூடுதான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டு காருக்கும் உள்ள ஒற்றுமைதான் எனக்கு ஆச்சரியம். எம்ஜி 1250 சிசி, டிசையர் 1197 சிசி. ஒன்றுக்கு 54 குதிரைத்திறன், மற்றதற்கு 90. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. எம்ஜி ஏறத்தாழ 800 கிலோ, டிசையர் 900ஐ ஒட்டி. ரெண்டுமே நாலு மீட்டருக்குள் அடங்கும். அகலத்தில் மட்டும் டிசையர் ஒரு அடி கூட. மலைரோட்டில் கேரளா பஸ் எதிரே வரும்போது அந்த ஒரு அடியின் அருமை தெரியும்.

இந்த அளவுகளை எந்த இன்ஜினியரும் தானாக முடிவு செய்யவில்லை, வரி முடிவு செய்தது. 1940கள் வரை இங்கிலாந்தில் கார் வரி சிலிண்டரின் விட்டத்தைக் கணக்கில் கொண்டு போட்டார்கள். விட்டம் குறைந்தால் வரி குறையும். அதனால் ஒல்லியான, நீளமான சிலிண்டர் வைத்தார்கள். எம்ஜியில் விட்டம் 66.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90. அப்படிப்பட்ட இன்ஜின் துள்ளாது, ஆனால் இழுக்கும். கம்பம் மெட்டில் எங்களை ஏற்றிவிட்டது இங்கிலாந்து வரி அதிகாரிதான் என்று சொன்னால் தப்பில்லை. நம் நாட்டில் 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கும் உட்பட்ட காருக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார்கள். 2008ல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர். 2012ல் டிக்கியை நறுக்கி 3,995க்குள் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் யாரோ தலையில் தட்டியதுபோல இருக்கிற அந்த டிக்கி, பட்ஜெட் உரையின் உருவம்.

இன்னொன்று. எம்ஜியின் அந்த இன்ஜின் மாரிஸ் டென் என்ற குடும்பக் காரின் இன்ஜினை வளர்த்தெடுத்தது. இரும்பில் வித்தியாசம் அதிகமில்லை. குடும்பக் காரிலிருந்து கூரையை எடு, பின் சீட்டை எடு, குடும்பத்தை இறக்கு, கார்பரேட்டர் ஒன்று கூடுதலாகப் போடு. ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்று. நம் ஊரிலும் இதே வழிதான். முதலாளி ஒரு தடவை மாமாவைச் சென்னைக்கு வடக்கே சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பந்தயத்துக்கு அங்கே கூட்டம் நெரியும். மாமா திரும்பி வந்து சொன்னது, "எல்லாம் நம்ம ஃபியட்டும் ஹெரால்டும்தான்டா, உரிச்ச கோழி கணக்கா ஓடுது" என்று. பிற்பாடு எண்பதுகளின் கடைசியில் கோயமுத்தூர் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட்டுப் பந்தயக் காரே செய்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற காரின் இன்ஜின் அது. 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்தியாவில் ஓட்டிப் பழகியது அப்படிப்பட்ட வண்டிகளில்தான்.

முதலாளி தொண்ணூறுகளில் இறந்தார். பிள்ளைகள் வெளியூரில். எம்ஜியைக் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். வண்டியை லாரியில் ஏற்றும்போதும் நாங்கள்தான் தள்ளினோம். மாமா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முதலாளியம்மா காரோடு கொடுக்காமல் பெட்ரோல் குச்சியை எடுத்து வைத்துக்கொண்டார் என்று கேள்வி. கேட்டால் கொடி கட்டுவதற்கு என்றாராம்.

எம்ஜியின் எட்டுமூலை முத்திரை இப்போது மறுபடியும் எங்கள் ரோட்டில் ஓடுகிறது. ஆபிங்டன் தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டு, பெயர் கைமாறிக் கைமாறிச் சீனக் கம்பெனியிடம் போய், 2019ல் ஹெக்டார் என்ற பெரிய வண்டியாக குஜராத் ஹாலோலிலிருந்து வந்தது. முதன்முதலில் உத்தமபாளையத்தில் ஒன்றைப் பார்த்து நான் உற்சாகமாகக் கிட்டப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர், திருச்செந்தூர் போகிற குடும்பம்.

டிசையரை நான் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது, பின் சீட்டில் அவரைச் சாய்த்து, பக்கத்தில் என் மனைவியை உட்கார வைத்து, க.விலக்கு மெடிக்கல் காலேஜ் வரை நிற்காமல் போனேன். சாவியைத் திருப்பினேன், கிளம்பியது. குச்சி விட்டுப் பார்க்கவில்லை, பம்ப் தட்டுவதைக் கேட்கவில்லை, தள்ளுவதற்கு ஆள் கூப்பிடவில்லை. அந்த இடத்தில் எம்ஜி இருந்திருந்தால் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதில் மோதினால் ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு வரும். எங்கள் வண்டியில் இரண்டு ஏர்பேக் இருக்கிறது. 2024ல் வந்த புது டிசையர் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. பாதுகாப்பு, வசதி, மைலேஜ் மூன்றிலும் பேச்சுக்கே இடமில்லை. முன் சீட்டு யாருக்கு என்ற சண்டையும் இல்லை. மலையேறினால் அம்மாவுக்குக் குமட்டும், எனவே முன் சீட்டு அவருக்கு, முடிந்தது.

ஆனால் அந்த வண்டியை எனக்குத் தெரியாது. பத்து வருஷம் ஓட்டினாலும் தெரியாது. போன மழையில் திடீரென்று செக் லைட் எரிந்து, வண்டி முக்கி முக்கிப் போனது. மாமாவின் பேரன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறான். தகரக் கொட்டகை போய் டைல்ஸ் போட்ட தரை வந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, செல்போனில் பார்த்து, "எலி, மாமா" என்றான். பானெட்டைத் திறந்தால் சென்சார் வயரை எலி கொறித்து வைத்திருந்தது. மாமா காதைக் கொடுத்துக் கேட்டதை இவன் போனில் படிக்கிறான். சொல்லப்போனால் இவன் சொன்னது இன்னும் துல்லியம். வயரை ஒட்டிக் கொடுத்தான்.

எம்ஜிக்கு இன்றைக்கும் இங்கிலாந்தில் வாஷரிலிருந்து மரச்சட்டம் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள், தபாலில் வரவழைக்கலாம் என்று அவனிடம் சொன்னேன். அறுபது எழுபது வருஷம் கழித்து இந்த டிசையரையும் யாராவது அப்படி வைத்து ஓட்டுவார்களா என்று கேட்டேன்.

"பாடி, இன்ஜினெல்லாம் பிரச்சனை இல்ல மாமா. லேத்துல கடைஞ்சிரலாம்" என்றான். பானெட்டுக்கு உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினியப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். "இது போச்சுன்னா அன்னிக்கு யாரு செஞ்சு குடுப்பா? இதுக்குள்ள இருக்கிற புரோகிராம் கம்பெனிக்கிட்ட மட்டுந்தான் இருக்கு." பானெட்டை மூடினான். எலி வராமல் இருக்க அடியில் கம்பி வலை அடிக்கணும், சாயங்காலம் வண்டியை விட்டுட்டுப் போங்க என்றான். அம்மாவை நாலு மணிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், நாளைக்கு விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.